எளிய ஆங்கிலம்: பார்க்கிற சொல்லும் அதற்குள் இருக்கிற கருத்தும்



சானமாவுப் பக்கத்தில் ஒரு குழு கடனுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தது. ஒரு வங்கியில் அந்த விண்ணப்பத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். "த குரூப் அப்பியர்ஸ் இர்ரெகுலர்." ஊக்குநர் அதைப் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனிடம் காட்டிக் கேட்டார். "உங்க குழு ஒழுங்கில்லாத குழுன்னு எழுதியிருக்காங்க அக்கா" என்றான் அவன். அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஆமாம், போனோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் நானும் ஒருத்தி.

மூன்று மாதம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரிய இடத்தில் படித்தவர் எழுதிவிட்டார், அதுவும் இங்கிலீஷில் எழுதிவிட்டார், இனி என்ன பேசுவது என்று இருந்துவிட்டோம். பிறகு கூட்டமைப்புக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் இது வெளியே வந்தது. அங்கே கல்லூரியில் படிக்கும் உறுப்பினர் மகள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டாள்: "அத்தை, 'இஸ் இர்ரெகுலர்'னு எழுதியிருக்கா, 'அப்பியர்ஸ் இர்ரெகுலர்'னு எழுதியிருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு?"

"இல்ல அத்தை. 'இஸ்' போட்டா அப்படி இருக்குன்னு அர்த்தம். 'அப்பியர்ஸ்' போட்டா அவர் கண்ணுக்கு அப்படித் தெரியுதுன்னு அர்த்தம். எதைப் பாத்து அப்படித் தெரிஞ்சுதுன்னு அவரையே போய்க் கேக்கலாம் இல்ல?"

இந்த மாதப் பாடம் அந்தப் பெண் கேட்ட கேள்வியிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் பார்ப்பதைச் சொல்கிற சொற்கள் நிறைய இருக்கின்றன. அவை கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்வதில்லை. ஒருவரைப் பற்றியும் ஒரு பொருளைப் பற்றியும் பேசுகிறவருக்கு என்ன நினைப்பு என்பதையும் அந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன. எது கண்டது, எது அவருடைய நினைப்பு என்று பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் திருப்பிப் பேச முடியும்.

முதலில் யானையை வைத்துப் படிப்போம். நம்ம ஊரில் அதற்குப் பஞ்சமில்லையே!

நாம் எல்லாவற்றுக்கும் 'பார்' என்ற ஒரே சொல்லைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'சீ', 'லுக்', 'வாட்ச்' என்று மூன்று சொற்கள். (இந்த 'சீ' நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்கிற 'சீ' இல்லை. பயப்பட வேண்டாம்.) காலையில் ராகிக் கொல்லைக்குப் போகிறீர்கள். நீங்கள் தேடவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை, தூரத்தில் யானை கண்ணில் பட்டுவிட்டது. அது 'சீ'. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது 'சா' ஆகும். "ஐ சா அன் எலிஃபண்ட்." உடனே பக்கத்தில் இருப்பவரிடம் "அங்க பாருங்க அக்கா" என்று கையைக் காட்டுகிறீர்கள். அது 'லுக்', வேண்டுமென்றே கண்ணைத் திருப்பிப் பார்ப்பது. "லுக் அட் தட் எலிஃபண்ட்." பிறகு அது எந்தப் பக்கம் நகர்கிறது, கூட்டமா ஒத்தையா என்று கண்ணை எடுக்காமல் கவனிக்கிறோமே, அது 'வாட்ச்'.

வனத்துறையில் வேலை பார்ப்பவரை நாம் 'வாச்சர்' என்கிறோம். கம்பெனி கேட்டில் இருப்பவர் 'வாட்ச்மேன்'. 'வாட்ச்' என்ற சொல்லும் விழித்திருப்பதைச் சொல்கிற 'வேக்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தவை. தூங்காமல் இருந்து பார்ப்பது என்பதுதான் அதன் உள் அர்த்தம். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் ஓசூர் ஆலையில் செய்கிறார்களே கைக்கடிகாரம், அந்த வாட்ச்சும் இதே சொல்தான். ராத்திரி பரண் மேல் டார்ச்சோடு கொல்லையைக் காத்தவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனிமேல்தான் கருத்து வருகிறது. அதே யானையைப் பிள்ளைகள் பிள்ளையார் என்று கும்பிடுகிறார்கள். ராகி போன வீட்டில் வேறு மாதிரி பேசுவார்கள். இதை ஆங்கிலத்தில் 'சீ... ஆஸ்' என்று சொல்ல வேண்டும். 'ஆஸ்' என்றால் நம்ம 'ஆக'. நினைவில் வைத்துக்கொள்ள எளிது. "சில்ட்ரன் சீ த எலிஃபண்ட் ஆஸ் காட்." பிள்ளைகள் யானையைச் சாமியாகப் பார்க்கிறார்கள். "ஃபார்மர்ஸ் சீ இட் ஆஸ் எ தீஃப்." விவசாயிகள் அதைத் திருடனாகப் பார்க்கிறார்கள். யானை மாறவில்லை. பார்க்கிறவர்தான் மாறுகிறார். அதனால் இந்த வகை வாக்கியம் வந்தால், யார் பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

நம்மைப் பற்றியே ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கியது எங்கே தெரியுமா? அன்றைய தர்மபுரி மாவட்டத்தில். நம்ம கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டமானது. அந்தக் காலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத, சொத்து அடமானம் வைக்க வழியில்லாத பெண்ணுக்கு வங்கி வாசல் ரொம்ப தூரம். "பேங்க்ஸ் சா புவர் விமென் ஆஸ் எ ரிஸ்க்." ஏழைப் பெண்களுக்குக் கொடுத்தால் பணம் திரும்பாது என்று வங்கிகள் பார்த்தன. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்ப்போம் என்று சோதனையாகத் தொடங்கியது. அடமானம் இல்லாமல், குழுவின் சேமிப்பையும் கூட்டத்தையும் நோட்டையும் நம்பிக் கடன். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "நவ் தே சீ அஸ் ஆஸ் கஸ்டமர்ஸ்" என்று இன்று சொல்லலாம். எங்கள் விண்ணப்ப ஓரத்தில் எழுதினவர் மட்டும் பழைய பார்வையிலேயே இருந்திருப்பாரோ என்னவோ!

'ரிகார்டு', 'கன்சிடர்', 'வியூ' என்ற சொற்களும் 'கருதுகிறேன்' என்பதற்கு வரும். அவை கடிதத்திலும் அலுவலகத்திலும் வருகிற சொற்கள். பேச்சுக்கு 'சீ' போதும். 'இன் மை வியூ' என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'என் பார்வையில்' என்று அர்த்தம். கூட்டத்தில் எழுந்து ஒரு வரி பேச நல்ல தொடக்கம்.

ஒரு எச்சரிக்கை. நாம் ஆங்கிலம் பேசினால் எல்லாவற்றுக்கும் பின்னால் 'இங்' ஒட்டுவோம். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங்' என்போம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 'ஐ ஆம் சீயிங் ஹிம்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஆளோடு நான் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தமாகிவிடும்! கண்ணில் படுகிறது என்றாலும், இப்படி நினைக்கிறேன் என்றாலும் வெறும் 'ஐ சீ' போதும்.

இப்போது அந்த வங்கி வரிக்கு வருவோம். 'லுக்ஸ்', 'சீம்ஸ்', 'அப்பியர்ஸ்' என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் தமிழில் 'தெரியுது', 'தோணுது', 'மாதிரி இருக்கு' என்போம். இந்த இடத்தில் பார்க்கிறவர் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஷீ லுக்ஸ் டயர்டு" என்றால் அவள் பார்க்கிறாள் என்று அர்த்தமில்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு அவள் களைத்த மாதிரி தெரிகிறாள். பார்த்தவர் யாரென்று சொல்லாமலே ஒரு கருத்தை அவள் மேல் வைத்தாகிவிட்டது.

'லுக்ஸ்' என்பது கண்ணை நம்பிச் சொல்வது. 'சீம்ஸ்' என்பது பார்த்தது, கேட்டது எல்லாம் சேர்ந்து மனசில் படுவது. 'அப்பியர்ஸ்' என்பதும் கிட்டத்தட்ட அதேதான், சட்டை போட்டு டை கட்டின மாதிரி கொஞ்சம் அலுவலகமாக இருக்கும். மூன்றிலும் பொதுவாக ஒன்று உண்டு: சொல்கிறவர் 'நிச்சயம்' என்று கையடித்துச் சொல்லவில்லை. பின்னால் தப்பென்று ஆனால் நழுவிக்கொள்ள ஒரு சந்து வைத்திருக்கிறார். அந்தச் சந்து நமக்கும் வழிதான். நாமும் அதன் வழியாக உள்ளே போய்க் கேள்வி கேட்கலாம்.

ரோஜாத் தோட்டத்துப் பாலிஹவுஸில் வேலை செய்கிற சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். தண்டு அறுபது சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து தரம் பிரிப்பீர்கள். அது அளவு. "இட் இஸ் சிக்ஸ்டி சென்டிமீட்டர்ஸ்." ஸ்கேல் வைத்துக் காட்டிவிடலாம், யாரும் மறுக்க முடியாது. அதே பூவை எடுத்து "இட் லுக்ஸ் டல்" என்று ஒருவர் ஒதுக்கினால், அது அவர் கண்ணுக்கு. வெளிச்சம் குறைவாக இருந்திருக்கலாம், வாங்க மனமில்லாமலும் இருந்திருக்கலாம். அப்போது "டல் சார்" என்று நாமே ஒத்து ஊதாமல், "இதழ்ல எந்த இடத்துல சார்?" என்று கேட்க வேண்டும். இதற்கு இங்கிலீஷ் கூட வேண்டாம்.

பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிற தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஓசூரைச் சுற்றி இப்போது பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கும் கம்பெனிகள் வந்துவிட்டன. நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளும் அதிகம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகளிடம் ஒரு நேர்முகத் தேர்வில், "யூ சீம் நெர்வஸ்" என்று சொல்லியிருக்கிறார்கள். பாவம், அந்தப் பிள்ளை 'நெர்வஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் 'நம்மளக் கழிச்சுட்டாங்க' என்று நினைத்து, "யெஸ் சார், சாரி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டது. அவர்கள் சொன்னது, 'நீ பதட்டமா இருக்கிற மாதிரி தோணுது' என்பது மட்டும்தான். தீர்ப்பு இல்லை. அதைத் தீர்ப்பாக ஆக்கினது நம்ம பிள்ளைதான். இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது? "ஐ மே லுக் நெர்வஸ், சார். பட் ஐ ஆம் ரெடி." பார்க்க அப்படித் தெரியலாம் சார், ஆனால் நான் தயார். முன்பாதியில் 'லுக்', பின்பாதியில் 'ஆம்'. தெரிவது ஒன்று, இருப்பது ஒன்று என்று இரண்டையும் தட்டில் தனித்தனியாக வைத்தாகிவிட்டது. இந்த ஒரு வரியை மகளோடு சேர்ந்து நீங்களும் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'லுக்' என்ற சொல்லோடு இன்னொரு குட்டிச் சொல் சேர்ந்தால் மரியாதையும் அவமரியாதையும் வந்துவிடும். 'லுக் டவுன் ஆன்' என்றால் கீழாகப் பார்ப்பது. நம்ம ஊரில் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் பாதிப்பேர். தெலுங்கில் 'சின்னசூப்பு சூடு' என்கிறோம், சின்னப் பார்வை பார்ப்பது. கன்னடத்தில் 'கீளாகி நோடு'. எல்லா மொழிக்காரருக்கும் இந்த அடி பட்டிருக்கிறது போலிருக்கிறது. எதிர்ப்பக்கம் 'லுக் அப் டு', ஒருவரை உயர்வாக மதிப்பது. "மை டாட்டர் லுக்ஸ் அப் டு ஹெர் டீச்சர்." என் மகள் அவள் டீச்சரை ரொம்ப உயர்வாக நினைக்கிறாள்.

'லுக் ஆஃப்டர்' என்பதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம். நம்ம 'பார்த்துக்கொள்', தெலுங்கு 'சூசுகோ', கன்னட 'நோடிகோ'. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, மாட்டைப் பார்த்துக்கொள்வது. இந்த ஒன்றில் மட்டும் ஆங்கிலமும் நம்ம மொழிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. "ஹூ வில் லுக் ஆஃப்டர் யுவர் சைல்ட்?" என்று வேலைக்குப் போகிற பெண்ணிடம் கேட்பார்கள். அவள் வீட்டுக்காரரிடம் இதை யாரும் கேட்பதில்லை என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

பார்வைக்குள் அன்பும் இருக்கிறது. 'கண்ணோட்டம்' என்று நாம் இன்று சொன்னால் ஒருவருடைய கருத்து என்று எடுத்துக்கொள்கிறோம். திருக்குறளில் 58-வது அதிகாரத்துக்கே கண்ணோட்டம் என்றுதான் பெயர். அங்கே அதற்கு இரக்கம், தாட்சண்யம் என்று பொருள். ஒருவர் மேல் கண் ஓடினாலே மனம் இளகிவிடும் என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கிறார்கள்.

மேலே இருந்து பார்க்கிற பார்வையும் உண்டு. கம்பெனியில் 'சூப்பர்வைசர்' என்கிறோமே, லத்தீன் மொழியில் 'சூப்பர்' என்றால் மேலே, 'விதேரே' என்றால் பார்ப்பது. நம்ம 'மேற்பார்வையாளர்' அப்படியே அதன் தமிழ். 'கண்காணி' என்ற நம்ம சொல்லோ கப்பல் ஏறியே போய்விட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்க் கூலிகளைக் கூட்டிப்போய் வேலை வாங்கினவர்களைக் 'கங்காணி' என்றார்கள். வெள்ளைக்காரரும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினார்கள்.

இந்த 'மேலே'தான் எங்களை ஒரு பள்ளத்தில் தள்ளப் பார்த்தது.

எங்கள் குழு வங்கிக்குப் பதில் கடிதம் எழுத உட்கார்ந்தது. தீர்மான நோட்டைப் புரட்டினால் விஷயம் தெரிந்தது. அந்த மார்கழியில் இரண்டு வாரம் கூட்டம் நடக்கவில்லை. சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் வந்து தங்கியிருந்தது. இருட்டின பிறகு வெளியே வராதீர்கள் என்று வனத்துறையினர் மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு. யார் வருவார்கள்? அந்த இரண்டு வாரச் சேமிப்பையும் மூன்றாவது வாரம் சேர்த்துக் கட்டினோம். ஒரு பைசா பாக்கியில்லை. ஆனால் நோட்டில் தேதி மட்டும் விட்டுப்போயிருந்தது, காரணம் எழுதவில்லை. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் அவருக்கு 'அப்பியர்ஸ்' ஆகியிருக்கிறது. காரணம் எழுதாதது எங்கள் தப்பு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். எட்டாவது வரை படித்த தைரியம். 'எங்கள் நோட்டை ஒரு பார்வை பாருங்கள்' என்பதற்கு, மேலே பார்ப்பதுதானே என்று நினைத்து, "கைண்ட்லி ஓவர்லுக் அவர் மினிட்ஸ் புக்" என்று எழுதி வைத்தேன். அந்தக் கல்லூரிப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். 'ஓவர்லுக்' என்றால் கவனிக்காமல் விடுவது, கண்டும் காணாமல் விடுவது! 'தயவுசெய்து எங்கள் தீர்மான நோட்டைக் கண்டுகொள்ளாதீர்கள்' என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்ப இருந்தேன். நம்மிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நோட்டு. அவள் அதை அடித்துவிட்டு 'லுக் த்ரூ' என்று மாற்றினாள். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பது என்று அர்த்தம். மேற்பார்வைக்கு 'ஓவர்சீ', கண்டுகொள்ளாமல் விடுவதற்கு 'ஓவர்லுக்'. ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் எதிரும் புதிரும்.

கடிதத்தோடு நான்கு பேர் நேரில் போனோம். "எந்த இடத்துல சார் இர்ரெகுலரா தெரியுது?" என்று ஊக்குநர் கேட்டார். அவர் தேதியைக் காட்டினார். நாங்கள் மூன்றாவது வாரத்து வரவைக் காட்டினோம். "ஐ சீ" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். வெளியே வந்ததும் கல்லூரிப் பெண் சொன்னாள், "அத்தை, ஐ சீ-ன்னா புரியுதுன்னுதான் அர்த்தம். ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்ல." அது மாதிரி 'வீ வில் சீ' என்பதும் ஒன்று. அதற்கு நம்ம 'பாக்கலாம்' தவிர வேறு தமிழ் கிடையாது. கல்யாணத்துக்குக் கடன் கேட்ட இடத்தில் 'பாக்கலாம்' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். 'வீ வில் லுக் இன்டு இட்' என்றால் அதைவிடக் கொஞ்சம் மேல், விசாரித்துப் பார்க்கிறோம் என்று பொருள். அப்போது எந்தத் தேதிக்குள் என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. இன்னும் இரண்டு தடவை பஸ் காசு போட்டு நடந்தோம்.

மூன்றாம் தடவை பழைய வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. "ரெக்கார்ட்ஸ் சீன் அண்ட் ஃபவுண்ட் கரெக்ட்." பதிவேடுகளைப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. இங்கே 'சீன்' என்பது 'சீ'யின் இன்னொரு வடிவம், பசங்க போடுகிற சீன் இல்லை. 'ஃபவுண்ட்' என்றால் ஆராய்ந்து கண்டது. 'அப்பியர்ஸ்' அந்தத் தாளில் அப்படியே கிடந்தது. அதை அவர் அடிக்கவில்லை. கடன் வந்தது, விதைப்புக்குத்தான் உதவவில்லை.

பயிற்சி: அடுத்த குழுக் கூட்டத்தில் கீழே உள்ள நான்கு வரிகளை ஒருவர் படிக்க, மற்றவர்கள் பேசுங்கள். ஒவ்வொன்றிலும் எது கண்டது, எது கருத்து? கருத்து என்றால் யாருடையது? அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

"யுவர் சன் லுக்ஸ் வீக். வாட் டஸ் ஹி ஈட்?" – சத்துணவு முகாமில் ஒரு டாக்டர்.

"தீஸ் டொமேட்டோஸ் ஆர் டுவென்டி ஃபைவ் கிலோஸ், பட் தே சீம் ஓல்டு." – சந்தையில் ஒரு வியாபாரி.

"வீ ஓவர்லுக்ட் யுவர் அப்ளிகேஷன். சாரி." – ஏதோ ஒரு அலுவலகம்.

"ஐ சீ மை மதர் ஆஸ் மை ஃபர்ஸ்ட் டீச்சர்." – ஆண்டு விழா மேடையில் ஒரு மாணவி.

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கூட்டம் மாலை நான்கு மணிக்கே தொடங்கும். மார்கழியில் இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். வர முடியாமல் போனால், ஏன் வரவில்லை என்று ஒரு வரி நோட்டில் எழுதச் சொல்லி அனுப்புங்கள்.